கனெக்ட் என்று வந்த பிறகு

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் திறந்த நாள் 1995 ஆகஸ்ட் 15. வி.எஸ்.என்.எல். நிறுவனம் பம்பாய், டெல்லி, கல்கத்தா, சென்னை என்று பெருநகரங்களில் தொடங்கியது. அதற்கு முன்பே எர்நெட் வழியாக ஐஐடிகளுக்கும் சில ஆய்வு நிறுவனங்களுக்கும் மின்னஞ்சல் போய்வந்துகொண்டிருந்தது. இந்த வரலாற்றை எழுதுகிறவர்கள் கட்டணத்தையும் தொடக்க விழாவையும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். மதுரை மாதிரியான ஊரில் ஒரு லினக்ஸ் மெஷினை டெலிபோன் லைன் வழியாக வெளியுலகத்தோடு பேசவைக்க என்ன பாடு பட்டோம் என்பதை நான் படித்த எதிலும் காணோம். டவுன்ஹால் ரோட்டில் ஒரு சர்வீஸ் கடையில் உட்கார்ந்து அந்த வேலையைச் செய்து பிழைத்தவன் நான். அதனால் எழுதுகிறேன்.

அப்போது கணக்கு இரண்டு வகை. ஷெல் கணக்கு என்றால் கறுப்புத் திரையில் வெறும் எழுத்து. பைன் என்ற நிரலில் மின்னஞ்சல், லிங்க்ஸ் என்ற எழுத்து உலாவியில் பக்கங்கள். மாணவருக்கு அது 500 ரூபாய். நம் மெஷினுக்கே ஓர் ஐபி முகவரி கிடைத்து, நெட்ஸ்கேப்பில் படத்தோடு பார்க்கவேண்டும் என்றால் டிசிபி-ஐபி கணக்கு. அது 15,000 ரூபாய். சென்னைக் கணக்குக்காரர்களின் முகவரியில் ஜியாஸ்எம்டி01 என்ற கணினியின் பெயர் இருக்கும். எம்.டி. என்பது மெட்ராஸ். 1996இல் ஊர் பெயர் மாறிய பிறகும் முகவரியில் மெட்ராஸ் போகவில்லை. மதுரையிலிருந்து அந்தக் கணினியைப் பிடிக்க எஸ்.டி.டி. போடவேண்டும். இரவு 11 மணிக்கு மேல் எஸ்.டி.டி. கட்டணம் கால் பங்கு. ஆகவே எங்கள் ஊரில் இணையம் ராத்திரி வேலையாகத்தான் ஆரம்பித்தது.

500 ரூபாய்க்கும் 15,000 ரூபாய்க்கும் நடுவே இருந்த பள்ளத்தைத் தாண்ட ஒரு நிரல் இருந்தது. டேனி காஸ்பரோவ்ஸ்கி எழுதிய ஸ்லர்ப். அதை ஷெல் கணக்குக்குள்ளே, அந்தப் பக்கத்து யூனிக்ஸ் மெஷினில் ஓடவிட வேண்டும். ரூட் அனுமதி தேவையில்லை. இந்தப் பக்கம் நம் லினக்ஸ் மெஷின் பிபிபி என்ற இணைப்பு நெறிமுறையில் பேச, ஸ்லர்ப் அந்தப் பாக்கெட்டுகளை வாங்கிப் பிரித்துத் தன் பெயரிலேயே வெளியே தொடர்பு வைத்துக்கொண்டு பதிலை நமக்குத் திருப்பும். நம் மெஷினுக்கென்று உண்மையான முகவரி கிடையாது, 10.0.2.15 என்று நாமே வைத்துக்கொள்ளலாம். எழுத்துக் கணக்கில் படம் வந்த ரகசியம் இதுதான். இன்று கல்லூரிப் பிள்ளைகள் விர்ச்சுவல்பாக்ஸில் ஒரு லினக்ஸை ஏற்றி முகவரி பார்த்தால் 10.0.2.15 என்று வரும். கியூஎம்யூவிலும் அப்படித்தான். ஸ்லர்ப்பின் நிரல்வரிகளை எடுத்துத்தான் அவற்றின் வலைத்தொடர்பைக் கட்டினார்கள்.

1998 நவம்பரில் தனியார் நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது. சத்யம் இன்ஃபோவே சென்னையிலிருந்து முதலில் வந்தது. பிறகு 172233 என்ற எண்ணை உள்ளூர் அழைப்பாகவே போட முடிந்தது. பிரவுசிங் சென்டர்கள் முளைத்தன, எனக்கும் பகல் வேலை வந்தது.

அந்தக் கடைகளில் லினக்ஸ் நுழைந்த காரணம் எளிமையானது. லைன் ஒன்று, மெஷின் ஐந்தாறு. ஒரு பழைய 486இல் லினக்ஸைப் போட்டு மோடத்தை அதில் மாட்டினால் மற்ற மெஷின்கள் எல்லாம் அதன் வழியாக வெளியே போகலாம். பிசி குவெஸ்ட் இதழோடு வரும் சிடியே போதும், தனியாக உரிமம் வாங்கவேண்டாம். ஆனால் இணைப்புக் கொடுப்பவர்கள் தரும் தாளில் விண்டோஸ் 95க்கு மட்டும்தான் வழிமுறை இருக்கும். லினக்ஸுக்கு வழி இணையத்தில் கிடைக்கும், அந்த இணையம்தான் வரவில்லையே! எங்களைக் காப்பாற்றியவை சிடிக்குள்ளேயே இருந்த ஹவ்-டூ கையேடுகள். ராபர்ட் ஹார்ட் எழுதிய பிபிபி ஹவ்-டூவை டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் அச்சடித்துப் பைண்டு போட்டு வைத்திருந்தேன். ஊருக்குப் போகும் பஸ்ஸில்கூட அதைப் படித்திருக்கிறேன்.

பழுது பார்ப்பதற்கு முதல் கருவி காதுதான். மோடத்துக்குக் கட்டளை கொடுக்கும் மொழி 1981இல் ஹேய்ஸ் நிறுவனத்தின் ஸ்மார்ட்மோடம் கொண்டுவந்தது. எல்லாம் ஏ.டி. என்று தொடங்கும். மினிகாம் என்ற நிரலைத் திறந்து ஏ.டி. என்று அடித்தால் மோடம் ஓகே என்று சொல்லவேண்டும். ஏ.டி.டி.டி. போட்டு எண்ணைக் கொடுத்தால் டயல் செய்யும். பழைய எக்ஸ்சேஞ்சாக இருந்தால் டோன் எடுபடாது, ஏ.டி.டி.பி. போட்டுக் கடகடவென்று பல்ஸில் சுற்றவேண்டும். புது மோடம் வாங்கி மாட்டியவுடன் பலர் பார்த்த முதல் பதில் 'நோ டயல்டோன்'. ரிசீவரை எடுத்தால் டோன் கணீரென்று கேட்கும். மோடமோ இல்லை என்னும். காரணம் இதுதான்: அமெரிக்க டயல் டோன் 350, 440 ஹெர்ட்ஸ் இரண்டும் கலந்தது. நம்முடையது 400 ஹெர்ட்ஸ், அதன் மேல் 25 ஹெர்ட்ஸ் ஏற்ற இறக்கம். அமெரிக்க டோனை எதிர்பார்த்துச் செய்த மோடத்துக்கு நம் டோன் டோனாகவே படாது. ஏ.டி.எக்ஸ்.3 என்று ஒரு கட்டளை சேர்த்தால் டோனுக்குக் காத்திராமல் டயல் செய்துவிடும், எங்கேஜ் சத்தத்தை மட்டும் கவனிக்கும். இந்த ஒரு கட்டளையைச் சொல்லிக்கொடுத்தே நான் பல கடைகளில் டீ குடித்திருக்கிறேன். இ.பி.ஏ.பி.எக்ஸ். இருக்கும் ஆபீஸில் 0 போட்டு ஒரு காற்புள்ளி வைக்கவேண்டும். அந்தக் காற்புள்ளிக்கு மோடம் இரண்டு விநாடி நின்று, வெளி லைன் கிடைத்த பிறகு மீதி எண்ணைப் போடும்.

லைனைப் பற்றி எனக்குச் சொல்லிக்கொடுத்தது எந்தக் கையேடும் இல்லை, ஒரு லைன்மேன் அண்ணன். சிம்மக்கல் பக்கம் ஒரு கடையில் மழை பெய்த மறுநாள் இணைப்பு ஏறுவதும் விழுவதுமாக இருந்தது. 33,600 வேகத்தில் ஏறவேண்டியது 9,600க்கு இறங்கி, பிறகு அதுவும் நிற்காமல் 'நோ கேரியர்' என்று விழுந்தது. கம்பத்தில் ஏறி டிபி பெட்டியைத் திறந்து தன் டெஸ்ட் போனை மாட்டியவர் என்னையும் கேட்கச் சொன்னார்.

"என்ன தம்பி கேக்குது?"

"டோன் கேக்குதுண்ணே."

"டோனு இருந்தா ஒண்ணும் தெரியாது. ஒரு நம்பர மட்டும் அமுக்கு. டோனு நிக்கும். இப்பக் கேளு."

ஒரு எண்ணை அழுத்தியதும் டோன் நின்றது. அதற்குப் பின்னால் கரகரப்பு, இரைச்சல், நடுவே சின்னச் சின்ன வெடிப்பு.

"மனுசன் பேசுறதுக்கு இந்த லைன் போதும் தம்பி. ஒன் மிஷினு பேசுறதுக்குப் பத்தாது. ஜாயிண்டுல தண்ணி எறங்கியிருக்கு."

ஜாயிண்டை வெட்டிப் புதிதாக முறுக்கிச் சுற்றிய பிறகு அதே மோடம் 31,200இல் ஏறி நின்றது. அன்றிலிருந்து எந்தக் கடைக்குப் போனாலும் கீபோர்டைத் தொடும் முன் ரிசீவரை எடுத்து ஓர் எண்ணை அழுத்திக் கேட்பது வழக்கமாயிற்று. லைன் நன்றாக இருந்தும் நடுநடுவே அறுந்தால் கால் வெயிட்டிங் இருக்கிறதா என்று கேட்பேன். அந்த 'பீப்' கேரியரை ஒரு கணம் மறைக்கும். மோடத்தில் எஸ்10 என்ற பதிவேடு, கேரியர் போய் எவ்வளவு நேரம் கழித்து லைனை வைக்கலாம் என்பதைத் தீர்மானிக்கும். வழக்கமாக அது 14, அதாவது 1.4 விநாடி. அதை 50 ஆக்கினால் பீப்பைத் தாங்கிக்கொள்ளும்.

மெஷினுக்குள்ளே வந்தால் தலைவலி வேறு. டாஸில் காம் 1 என்பது லினக்ஸில் டிடிஒய்எஸ்0. காம் 2 டிடிஒய்எஸ்1. எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குவதால் ஒன்று தள்ளிப் போட்டுவிட்டு மோடம் செத்துவிட்டது என்று தூக்கிவந்தவர்கள் உண்டு. காம் 1, காம் 3 இரண்டுக்கும் ஐஆர்க்யூ 4. காம் 2, காம் 4 இரண்டுக்கும் ஐஆர்க்யூ 3. மவுஸ் ஒன்றிலும் இன்டர்னல் மோடம் இன்னொன்றிலுமாக உட்கார்ந்து அடித்துக்கொள்ளும். ஐஆர்க்யூ தப்பாக இருந்தால் மோடம் அடியோடு பேசாமல் இருக்காது, பேசும், ஆனால் ஏ.டி. என்று அடித்தால் பல விநாடி கழித்து ஓகே வரும். அந்தத் தாமதத்தைப் பார்த்ததும் கார்டைக் கழற்றி ஜம்பரை மாற்று, செட்சீரியல் கட்டளையில் சரியான எண்ணைச் சொல் என்று கை தானாகப் போகும்.

விலை குறைந்து வந்த விண்மோடம்கள் இதைவிடப் பெரிய சோதனை. சிக்னலைப் பிரித்துப் படிக்கும் வேலையைத் தானே செய்யாமல் மெஷினின் பிராசசர் தலையில் கட்டும் கார்டுகள் அவை. விண்டோஸுக்கு மட்டும் டிரைவர் வரும். லூசென்ட் சிப் என்றால் லினக்ஸுக்கு ஒரு டிரைவர் கிடைத்தது, அதுவும் கர்னல் பதிப்போடு பொருந்தவேண்டும். பணம் சற்றுக் கூடினாலும் வெளியே வைக்கும் மோடம் வாங்குங்கள் என்றுதான் நான் சொல்வேன். எந்த லினக்ஸிலும் ஓடும் என்பது ஒன்று. முகப்பில் விளக்கு இருக்கும் என்பது அதைவிட முக்கியம். கேரியர் விளக்கு எரிந்தால் லைனும் மோடமும் தம் வேலையை முடித்துவிட்டன, இனிப் பிரச்சினை மெஷினுக்குள்ளே என்று பாதித் தூரம் ஒரே பார்வையில் கடந்துவிடலாம்.

'கனெக்ட்' என்று வந்ததும் கடைக்காரர் முகம் மலரும். எனக்கு வேலை அங்கேதான் ஆரம்பம். அது இரண்டு மோடங்கள் கைகுலுக்கியதற்கான சான்று மட்டும். இரண்டு கணினிகள் பேச ஆரம்பிக்கவில்லை. மினிகாமில் கையால் டயல் செய்தால் சில இணைப்புகளில் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். அதை அடித்ததும், அல்லது எதுவும் கேட்காமலே, திரையில் குப்பைபோல எழுத்துகள் கொட்டும். ~ என்று தொடங்கும்; }# என்று ஒன்று, ! என்று ஒன்று, }! }! என்று வரிசையாகப் போகும். இதைப் பார்த்துப் பலர் லைனைத் துண்டித்தார்கள். அது குப்பை இல்லை. அந்தப் பக்கத்துக் கணினி பிபிபி பேசத் தொடங்கிவிட்டது.

1994 ஜூலையில் வெளியான பிபிபி விதிமுறைகளைக் கையில் வைத்துக்கொண்டு அந்த எழுத்துகளை எழுத்துக்கூட்டியே படிக்கலாம். ~ என்பதன் எண் 126. ஒவ்வொரு பாக்கெட்டின் எல்லைக்கல் அது. 32க்குக் குறைந்த எண்கள் லைனில் வேறு அர்த்தத்தில் எடுபட்டுவிடக்கூடும் என்பதால், அவற்றுக்கு முன்னால் } போட்டு 32 கூட்டி அனுப்புவார்கள். 3 என்பது 35 ஆகி }# என்று வரும். அதை அடுத்து வரும் 192, 33 என்ற இரண்டு பைட்டுகளில் 33தான் திரையில் தெரியும் ! குறி; இரண்டும் சேர்ந்தால் 'இது எல்.சி.பி. பாக்கெட்', அதாவது இணைப்பின் நிபந்தனைகளைப் பேசித் தீர்ப்பது, என்று பொருள். அதற்குப் பின் வரும் }! என்பது 1, 'என் நிபந்தனைகள் இவை, ஒத்துக்கொள்கிறாயா' என்ற கோரிக்கை. ஒரு நள்ளிரவில் பைண்டு போட்ட தாளையும் திரையையும் மாறிமாறிப் பார்த்து இதை முதல்முறை நான் படித்தபோது அடைந்த சந்தோஷம், பிற்காலத்தில் வாங்கிய எந்தச் சம்பளத்திலும் கிடைக்கவில்லை. தூரத்தில் ஓர் இயந்திரம் என் இயந்திரத்தைக் கூப்பிடுகிறது, அந்தக் கூப்பாடு எனக்குப் புரிகிறது!

இந்தக் கோரிக்கைக்குப் பதில் சொல்லவேண்டியது நம் பக்கத்து பிபிபிடி என்ற நிரல். லினக்ஸில் அதைப் பல ஆண்டுகள் பேணி வளர்த்தவர் ஆஸ்திரேலியாவின் பால் மெக்கராஸ். அந்த நிரலின் பெருமை அதன் லாக். டீபக் என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால் நடப்பதை எல்லாம் வரிவரியாகச் சொல்லும். கோரிக்கையை மூன்று விநாடிக்கு ஒருமுறை பத்துத் தடவை அனுப்பிப் பதில் இல்லையென்றால் அரை நிமிடத்தில் 'டைம்அவுட்' என்று எழுதிவிட்டு நிறுத்தும். 'லைன் எட்டு பிட்டுக்குச் சுத்தமாக இல்லை' என்ற பொருளில் ஒரு செய்தி வரும். அதைப் பார்த்து லைன்மேனைக் கூப்பிட ஓடக்கூடாது. அந்தப் பக்கம் இன்னும் பெயர் கேட்டுக் காத்திருக்கிறது, நாம் அவசரப்பட்டு பிபிபி பேசிவிட்டோம் என்பதுதான் பெரும்பாலும் அதன் பொருள். டயல் செய்து பெயர் கொடுக்கும் சாட் ஸ்கிரிப்டில் எதற்குக் காத்திருக்கவேண்டும் என்பதைத் திருத்தவேண்டும். இன்னொரு செய்தி எல்லோரையும் குழப்பியது. எதிர்ப்பக்கம் தன்னை நிரூபிக்கவேண்டும், அதற்கான கடவுச்சொல் என்னிடம் இல்லை என்று நம் மெஷினே மறுத்துவிடும். இணைப்புத் தருபவர் நம்மிடம் தன்னை நிரூபிப்பாரா? மெஷினில் லேன் கார்டும் அதற்கொரு டீஃபால்ட் ரூட்டும் ஏற்கெனவே இருந்தால், வெளியாள் யாரோ உள்ளே நுழையப் பார்க்கிறார் என்று பிபிபிடி எடுத்துக்கொள்ளும். பிபிபிடி இரு பக்கத்துக்கும் பொதுவாக எழுதப்பட்டது. டயல் செய்கிறவருக்கும் அதுதான், அழைப்பை வாங்குகிறவருக்கும் அதுதான். ஆப்ஷன்ஸ் கோப்பில் 'நோஆத்' என்று ஒரு சொல் எழுதினால் விடும்.

லேன் கார்டின் அந்த டீஃபால்ட் ரூட்தான் பிரவுசிங் சென்டர்களில் நான் அதிகம் சந்தித்த எதிரி. பிளஸ் டூ ரிசல்ட் வரும் நாளில் கோரிப்பாளையத்து அக்கா கடையிலிருந்து போன் வந்தது. வாசலில் பிள்ளைகளும் பெற்றோரும் நிற்கிறார்கள்.

"தம்பி, கனெக்ட் ஆயிருச்சுங்குது. ஆனா ஒரு பக்கமும் வரமாட்டேங்குது. இந்தப் பிள்ளைகளுக்கு நான் என்னத்தச் சொல்ல?"

அவசரமாகப் போய்ப் பார்த்தால் பிபிபி ஏறி நிற்கிறது, முகவரியும் வந்திருக்கிறது. லாக்கில் ஒரே ஒரு வரி: ஏற்கெனவே இத்0 வழியாக டீஃபால்ட் ரூட் இருப்பதால் அதை மாற்றவில்லை. முந்தின நாள் யாரோ லேன் செட்டிங்கில் கேட்வே முகவரி ஒன்றை நிரப்பியிருந்தார்கள். வெளியே போகவேண்டிய பாக்கெட்டெல்லாம் மோடம் பக்கம் திரும்பாமல், கடைக்குள்ளேயே இல்லாத ஒரு கேட்வேயைத் தேடிக்கொண்டிருந்தன. அந்த ரூட்டை நீக்கி மறுபடி டயல் செய்தோம். எண் முகவரிக்குப் பிங் போனது, பெயருக்குப் போகவில்லை. ரிசால்வ் கோப்பைத் திறந்தால் காலி. 202.54 என்று தொடங்கும் பெயர்வழங்கியின் எண்ணை எழுதினேன். முதல் பெண் தன் பதிவெண்ணை அடித்தாள். மதிப்பெண் வந்தபோது அவளுடைய அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். தேர்வு எழுதியது நானில்லை என்றாலும் அந்தப் பிடியை நான் மறக்கவில்லை.

கரண்ட் போவதும் இந்தத் தொழிலின் ஒரு பகுதி. மோடத்தைப் பயன்படுத்தும் நிரல், வார் லாக் என்ற கோப்புறையில் தன் பிராசஸ் எண்ணோடு ஒரு பூட்டுக் கோப்பை வைக்கும். திடீரென்று மின்சாரம் போனால் கோப்பு அப்படியே கிடக்கும். பூட்டியவன் செத்துவிட்டான் என்று தெரிந்தால் பிபிபிடியே பூட்டை எடுத்துவிடும். ஆனால் மெஷின் மறுபடி ஏறும்போது அதே எண் வேறொரு நிரலுக்குக் கிடைத்துவிட்டால், பூட்டுக்கு உரியவன் உயிரோடிருக்கிறான் என்று நம்பி மோடத்தைத் தொடாது. கையால் அழிக்கவேண்டும்.

பிறகு கேபிபிபி வந்தது, டபிள்யூவிடயல் வந்தது. கேபிபிபி ஜன்னலில் பட்டன் அமுக்கினால் போதும் என்பதால் கடைக்காரர்களுக்கு அது பிடித்தது. எனக்கு டபிள்யூவிடயல்தான். மோடத்தைத் தானே தேடிப் பிடிக்கும், எதிர்ப்பக்கம் பெயர் கேட்கிறதா நேராக பிபிபிக்குப் போகிறதா என்று தானே ஊகிக்கும், ஆனாலும் நடப்பதை மறைக்காமல் திரையில் சொல்லிக்கொண்டே போகும். வேலையை எளிதாக்குகிறேன் என்று லாக்கை ஒளித்துவைக்கும் கருவிகளை அன்றும் எனக்குப் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. என்னோடு வேலை பார்த்த பையன்கள் நெட்வொர்க் கற்றது அந்த லாக்கைப் படித்துத்தான். லைன், மோடம், போர்ட், எல்.சி.பி., கடவுச்சொல், ரூட், பெயர் என்று எந்தப் படியில் நின்றது என்பதை அது காட்டிக்கொடுத்தது.

டெலிபோன் கம்பியே இல்லாமலும் இதே பிபிபியைப் பார்த்தேன். ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய கார்டெக்ட் கம்பியில்லா முறை, 2001 வாக்கில் மேலூர் வட்டாரக் கிராமங்களுக்கு வந்தது. சுவரில் மாட்டிய பெட்டியில் போனுக்கு ஒரு வாய், கம்ப்யூட்டருக்கு ஒரு சீரியல் போர்ட். மோடம் கிடையாது, கூவல் கிடையாது. 70 கிலோபிட் வரை வரும். அந்த நேரத்தில் யாராவது போன் பேசினாலும் 35 நிற்கும். கம்பம் நட்டு லைன் இழுக்காத ஊரில், டவுனில் டயல்-அப் வைத்திருந்தவர்களைவிட நல்ல இணைப்பு ஓடியது. அந்த முயற்சி பெரிதாக வளராமல் போனதில் எனக்கு இன்றுவரை வருத்தம்.

2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் தொடங்கியதும் டயல்-அப் தொழில் சீக்கிரமே வற்றியது. டபிள்யூவிடயலுக்கு மட்டும் இரண்டாவது வாழ்வு கிடைத்தது. யுஎஸ்பி டேட்டா கார்டுகள் தங்களை மோடம் என்றே காட்டிக்கொண்டன. டிடிஒய்யுஎஸ்பி0 என்று பெயர், *99# என்று எண்; சிடிஎம்ஏ கார்டாக இருந்தால் #777. பழைய கான்ஃபிக் கோப்பில் இரண்டு வரி மாற்றிக் கொடுத்து இன்னும் சில வருடம் ஓட்டினோம். பிராட்பேண்டிலும் பிபிபி போய்விடவில்லை. ஈதர்நெட் மேல் அதைச் சுமந்துபோகும் பிபிபிஓஇ முறை 1999லேயே எழுதப்பட்டிருந்தது. பிஎஸ்என்எல் ஃபைபர் வரை அதுதான் ஓடுகிறது.

போன மாதம் பக்கத்துத் தெருவில் ஃபைபர் மாட்ட வந்த பையன் ரவுட்டரை மூன்றாவது முறை அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தான். "லாக் எங்க தம்பி இருக்கு?" என்று கேட்டேன். ரவுட்டருக்குள் நுழைந்து ஒரு மூலையிலிருந்து எடுத்துக் காட்டினான். பிபிபிஓஇ அழைப்புக்கு எதிர்ப்பக்கம் தரும் பேடோ என்ற முதல் பதில் வராமல் டைம்அவுட் என்று இருந்தால் எக்ஸ்சேஞ்ச் வரை நம் குரல் போகவில்லை. கேபிளையோ விலேன் எண்ணையோ பார்க்கவேண்டும். இங்கே அது வந்திருந்தது, எல்.சி.பி.யும் ஏறியிருந்தது, அடுத்த வரியில் கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் பிஏபி தோல்வி. லைனில் குற்றமில்லை, பெயரையோ கடவுச்சொல்லையோ பார் என்றேன். விண்ணப்பத்தை எடுத்து ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்க ஆரம்பித்தான்.